நாற்பத்து மூன்றாவது ஊக்கு

புடவைக்கு முன்கூட்டியே மடிப்பெடுத்து, ஊக்கு குத்தி, பெட்டியில் வைத்துக் கொடுப்பது என் தொழில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் கடை வைத்திருக்கிறேன். கொசுவத்தையும் முந்தானையையும் இஸ்திரி போட்டு அசையாமல் குத்திக் கொடுத்துவிட்டால், மணப்பெண் ஐந்தே நிமிடத்தில் கட்டிக்கொண்டு மணவறைக்குப் போய்விடலாம். இதற்கெல்லாம் ஓர் ஆளா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஐயர் மைக்கில் நாலாவது தடவையாகப் பெண்ணைக் கூப்பிடும்போது என்னைத்தான் நினைத்துக்கொள்வார்கள்.

யுகேந்திரன் என்கிற மாப்பிள்ளையின் கல்யாணத்துக்கு நானும் லங்காவிக்குப் பறக்க வேண்டியதாயிற்று. கடற்கரை ஹோட்டலில் கல்யாணம். பெண் அனுப்பிரியா செராஸ் ஊர்க்காரி. மாப்பிள்ளை வீடு கிள்ளான். வழக்கப்படி கூரைப்புடவை மாப்பிள்ளை வீட்டுச் சீர். தாலி கட்டுகிற நேரத்தில் பெண் அதைத்தான் உடுத்தியிருக்க வேண்டும்.

அந்தப் புடவையை என் கடைக்குக் கொண்டுவந்தது மாப்பிள்ளையின் பெரியம்மா சீதாலெட்சுமி. கூடவே மாப்பிள்ளையின் அம்மா சந்திரகலாவும் வந்திருந்தார். அரக்கு நிறம், மாம்பழ மஞ்சள் கரை. பெரியம்மா மேசைமேல் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது, சந்திரகலா நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புடவை கொண்டுவருகிறவர்கள் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஜரிகையைத் தடவுவார்கள், கரையைத் திருப்பிப் பார்ப்பார்கள். இந்த அம்மாளின் கைகள் மட்டும் அசையவே இல்லை.

காரணத்தைப் பெரியம்மாவே சொன்னார். யுகேந்திரனுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் அப்பா இறந்துவிட்டார். சந்திரகலா துறைமுக அலுவலகத்தில் கிராணியாக, கணக்கெழுதும் வேலை பார்த்துப் பையனை ஆளாக்கினார். புடவையைத் தேர்ந்தெடுத்தவரும் வாங்கியவரும் அவர்தான். ஆனால் கூரைப்புடவையில் விதவையின் கை படக்கூடாது என்பதால், கிள்ளான் கடையில்கூடத் தள்ளி உட்கார்ந்து விரலால் சுட்டிக்காட்டித்தான் வாங்கினாராம். இதைச் சொல்லிவிட்டுப் பெரியம்மா, ரொம்பத் தங்கமானவள் என்று ஓரகத்தியைப் பாராட்டினார். சந்திரகலாவும் தலையாட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. வாயில் ஊக்கு இருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல எனக்கும் ஒன்று இருந்தது. கல்யாணமான இரண்டாவது வருஷமே என் கணவரை விட்டு வந்துவிட்டேன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பதினோரு வருஷமாகிறது. வாடிக்கையாளர்கள் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டால், செமினி ஊரில் இருக்கிறார் என்பேன். அதில் பொய் ஒன்றுமில்லை. இன்னொருத்தியோடு இருக்கிறார் என்பதை அவர்கள் கேட்பதில்லை. தொழில்காரி கையை யாரும் ஆராய்வதும் இல்லை.

அந்தப் புடவையில் நாற்பத்திரண்டு ஊக்குகள் குத்தினேன். ஓர் அட்டைப்பெட்டியில் மெல்லிய தாள் விரித்து வைத்துக் கொடுத்தேன். செருப்பும் உள்ளாடையும் கிடக்கிற பெட்டிகளுக்கு நடுவே கூரைப்புடவை போகக்கூடாது, விமானத்தில் தன் மடியிலேயே வரும் என்று பெரியம்மா அறிவித்தார். அந்த விஷயத்தில் எனக்கும் அவர் கட்சிதான். லக்கேஜில் போட்ட புடவை எந்த ஊரில் இறங்கும் என்று யார் கண்டது.

விமான நிலையத்தில் சோதனை இடம்வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெட்டியைப் பெரியம்மா குழந்தையைப் போல ஏந்தி வந்தார். கழிப்பறைக்குப் போனபோதும் கூடவே எடுத்துப் போனார். எக்ஸ்ரே இயந்திரத்தில் பெட்டி முதலில் உள்ளே போனது, அவர் கைப்பை பின்னால் போனது. பைதான் மாட்டிக்கொண்டது. உள்ளே ஒரு பாக்குவெட்டி இருந்தது.

சீர்த்தட்டில் வெற்றிலை பாக்கோடு வைப்பதற்காக எடுத்து வந்த, வெள்ளிப்பிடி போட்ட பாக்குவெட்டி. இப்போது யார் பாக்கு வெட்டுகிறார்கள்? ஆனாலும் தட்டில் அது இருந்தாக வேண்டும். கத்தி போன்றது, விமானத்துக்குள் விட முடியாது என்றார்கள். தூக்கிப் போடச் சொன்னதும் பெரியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அது அவர் பிறந்த வீட்டுப் பொருள். வெளியே போய் லக்கேஜில் போட்டுவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், திரும்பி, சோதனை முடிந்து அந்தப் பக்கம் நின்ற சந்திரகலாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"பெட்டியைப் பார்த்துக்கோ கலா. தொட்டுடாதே."

நான் பக்கத்து வரிசையில், இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம் தள்ளுவண்டியை மடக்கத் தெரியாமல் போராடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்க்கலாமே தவிர, தாண்டிப் போக முடியாது.

பெரியம்மா போன மறு நிமிடம் ஓர் அதிகாரி, மலாய்ப் பெண், அந்தப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்தாள். திரையில் வரிசை வரிசையாக ஊக்குகள் தெரிந்திருக்க வேண்டும். இது யாருடையது என்று மலாயில் கேட்டாள். சந்திரகலா இரண்டடி தள்ளி நின்று பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இரண்டாம் தடவையும் கேட்டாள். அப்போது அவள் இன்னோர் அதிகாரியைக் கைகாட்டி அழைத்தாள். ஆளில்லாத பெட்டியை என்ன செய்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"சாயா பூஞ்யா," என்றார் சந்திரகலா. என்னுடையது.

திறக்கச் சொன்னாள். சந்திரகலா ஒரு தடவை வாசல் பக்கம் பார்த்தார். பெரியம்மா வரக் காணோம். பிறகு மூடியைத் திறந்தார். புடவையைத் தூக்கிக் காட்டச் சொன்னதும் இரண்டு கைகளையும் அடியில் கொடுத்துத் தூக்கினார். மடிப்பு மடிப்பாகப் புரட்டிக் காட்டினார். அதிகாரி பொறுமையானவள், தன் கையால் தொடக்கூட இல்லை. கல்யாணமா என்று சிரித்துக் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள். சந்திரகலா புடவையைத் திரும்ப வைத்து, கரையில் நலுங்கியிருந்த ஓர் இடத்தைப் புறங்கையால் நீவி, மூடியைப் போட்டார். அதற்குப் பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் போய்ச் சேர்ந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யாரிடமும் சொல்லாதே என்றார். மூச்சிரைக்க ஓடிவந்த பெரியம்மா பெட்டியை அள்ளிக்கொண்டு, எல்லாம் சரியா என்று கேட்டார். சரி என்று நான்தான் சொன்னேன்.

லங்காவியில் மறுநாள் விடிந்ததும் சந்திரகலா என் அறைக் கதவைத் தட்டினார். இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அந்தப் புடவை வேண்டாம், வேறு ஒன்று கட்டச் சொல், கறை பட்டுவிட்டது என்று சொல்லிவிடு என்றார். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். இந்தத் தீவில் இந்த நேரத்தில் கூரைப்புடவைக்கு எங்கே போவது என்றேன். பெண்ணின் புடவை ஏதாவது இருக்கும் என்றார். பெரியம்மாவுக்கா பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அவங்களுக்கு இல்ல மாதவி. யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க. நாளைக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு ஒன்னுன்னா, நான் தொட்டதாலதான்னு நான் நினைப்பேன்லா. சாகுறவரைக்கும் நினைப்பேன்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. பதினோரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அந்த அம்மாளிடம் கொட்டிவிட்டேன்.

"நான் புருஷனை விட்டுட்டு வந்தவக்கா. இந்தப் புடவையில என் கை படாத மடிப்பே இல்ல. இதுக்கு முன்னால முந்நூறு கூரைக்கு மேல தொட்டிருக்கேன்."

அவர் திட்டுவார் அல்லது அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ துறைமுக அலுவலகத்தில் சரக்கு விசாரிக்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"அதுல எத்தனை நல்லா இருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "முக்கால்வாசி நல்லா இருக்கு. சிலது ஒடஞ்சிருச்சி. எல்லார் வீட்டுலயும் போலத்தான்," என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். வேறு புடவை பற்றி அதற்குப் பிறகு பேச்சு இல்லை. ஆனால் பயம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

எட்டரைக்கு மணலில் போட்ட பந்தலில் பெரியம்மா தட்டோடு கூரைப்புடவையை எடுத்துக் கொடுத்தார். பாக்குவெட்டியும் தட்டில் பத்திரமாக இருந்தது. அனுப்பிரியா வாங்கிக்கொண்டு அலங்கார அறைக்கு வந்தாள். நல்ல பெண், உயரம், பேச்சு அதிகம். காற்று அடிக்கிறது, கொசுவம் பறந்துவிடுமா என்று கவலைப்பட்டாள். அவளைப் பேசவிட்டு நான் கட்டிக்கொண்டிருந்தேன். கதவோரத்தில் சந்திரகலா நின்றிருந்தார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. மகன் கல்யாணத்தில் அவருக்குக் கிடைத்த இடம் அந்தக் கதவோரம்.

இடுப்பில் கொசுவத்தைச் செருகிய பிறகு அந்த எண்ணம் வந்தது. எங்களவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாலிச்சரட்டில் இரண்டு மூன்று ஊக்குகளை மாட்டி வைத்திருப்பார்கள், அவசரத்துக்கு உதவும் என்று. சந்திரகலாவின் கழுத்தில் தாலி போய் இருபத்து மூன்று வருஷமாகிறது. ஆனாலும் அவர் போட்டிருந்த மெல்லிய சங்கிலியில் ஓர் ஊக்கு தொங்கியது. பழக்கம் போகவில்லை.

"அக்கா, ஒரு பின் கொறையுது. உங்ககிட்ட இருக்கா?"

என் ஊக்குப் பெட்டி காலடியில் திறந்தே கிடந்தது. அதில் குறைந்தது இருநூறு ஊக்குகள் இருந்திருக்கும். காலால் மெல்ல மேசைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அவர் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கை சங்கிலிக்குப் போனது, நின்றது. வெளியே ஐயர் மைக்கில் பெண்ணை அழைத்துவரச் சொன்னார். "சீக்கிரம் அத்தை, கூப்பிடுறாங்க," என்றாள் அனுப்பிரியா. சந்திரகலா உள்ளே வந்தார். ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் கொசுவத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன், வாங்க என்னிடம் கை இல்லை. நீங்களே குத்திடுங்க என்றேன்.

முட்டி போட்டு உட்கார்ந்தார். ஐந்து மடிப்புகளைச் சேர்த்து, உள்பக்கமாக, வெளியே தெரியாமல் குத்தினார். குத்தியது நேர்த்தியாக இருந்தது, அதை நான் தொழில்காரியாகச் சொல்கிறேன். எழுந்து பழையபடி கதவோரத்துக்குப் போய்விட்டார்.

தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மதியம் மூன்று மணிக்கு அனுப்பிரியாவின் புடவையை அவிழ்த்தேன். ஊக்குகளைக் கழற்றிக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டேன். நாற்பத்திரண்டும் வெள்ளை. நாற்பத்து மூன்றாவது பித்தளை நிறம், வளைவில் தேய்ந்திருந்தது. இது உன் மாமியாருடையது, கொடுத்துவிடு என்று அவள் கையில் கொடுத்தேன். அவள் சரி என்று வாங்கி, வைக்க இடம் தேடினாள். நைட்டியில் பை இல்லை. கழுத்திலிருந்த புது மஞ்சள் சரட்டில் மாட்டிக்கொண்டாள்.

சீர்த்தட்டை எடுக்கச் சந்திரகலா வந்தார். தட்டை எடுத்துக்கொண்டு திரும்பியவர், தாலிக்குப் பக்கத்தில் தொங்கிய ஊக்கைப் பார்த்து நின்றுவிட்டார். அனுப்பிரியாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஐயோ, உங்க பின் அத்தை. திருப்பித் தரட்டா?"

சந்திரகலா தட்டைக் கீழே வைத்தார். கையை நீட்டி, அந்த ஊக்கின் வாய் சரியாக மூடியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார். விரல்கள் தாலியின்மேல் பட்டன. எடுக்கவில்லை.

"இருக்கட்டும்மா," என்றார்.