நேரமில்லப்பா

என் வீட்டுக்காரர் தனேஸ்வரன் 2004-ல் பண்டாரவளைக்கு ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போனார். வந்ததும் வராததுமாக எங்கள் பதுளை வீட்டில் ஒரு சட்டம் போட்டார். இனி யாரும் ‘நேரமில்லை’ என்று சொல்லக் கூடாது. ‘அதற்கு நான் நேரம் ஒதுக்கவில்லை’ என்றுதான் சொல்ல வேண்டும்.

“சட்டமெல்லாம் ஒங்க ஆபீஸோட வச்சுக்கங்க” என்று கிண்டலடித்தேன். மனுஷன் விட்டால்தானே! சட்டைக்குப் பொத்தான் தைக்க நேரமில்லை என்றால், ஒதுக்கவில்லை என்று சொல்ல வைப்பார். அப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கும். உடனே ஊசியை எடுத்துவிடுவேன். முந்தின நாள் ராத்திரியே சேலையை மடித்து, திருத்திய கொப்பிகளைப் பையில் வைக்கப் பழகினேன். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸின் பின்னால் ஓடுவது ஒரு மாதத்தில் நின்றுபோனது. நான் பாராட்டவில்லை. பாராட்டினால் அவருக்குத் தலைகால் புரியாது.

ஒரே ஒரு இடத்தில்தான் ஏமாற்றினேன்.

அப்பா இராசையா பெரகலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் சந்திக்கு இறங்கி, ஸஹாப்தீன் நானா கடையிலிருந்து எனக்குப் போன் எடுப்பார்.

“ஒருநா வந்துட்டுப் போயேன் புள்ள.”

டெலிபோன் வயரை இழுத்துக்கொண்டு, வீட்டுக்காரர் காதில் விழாமல் குசினிக்குள் போய், “நேரமில்லப்பா” என்பேன். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மத்தியானம் தூங்குவேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கிருந்த வேலை அதுதான். ஒங்களுக்கு நேரம் ஒதுக்கலப்பா என்று சொல்ல நாக்கு வராது. சொல்லியிருந்தால் அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

“சரி தாயி, வேலயப் பாரு” என்று வைத்துவிடுவார். ஒருநாள்கூடக் கோபித்ததில்லை. கோபித்திருக்கலாம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு போன் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்று தூங்கினேன். புதன்கிழமை காலை ஸஹாப்தீன் நானா பேசினார்.

“தங்கச்சி, அப்பா போய்ட்டாரு.”

லயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் பக்கத்து வீட்டு அங்கம்மாக்கா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நாலு நாளாக நெஞ்சுவலி என்று சொன்னாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது.

“நாலு நாளா எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே! இத்தன பேரு இருந்து என்ன பிரயோசனம்?”

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“போன் எடுக்கத்தான் கெளம்புனேன் புள்ள. ஒங்கப்பா எந்திரிச்சு வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. டீச்சர் வேலன்னா சும்மாவா, அதுக்கு மூச்சு விட நேரமில்ல, சொன்னா வர முடியலயேன்னு அங்க கெடந்து அழும், வேணாம்னாரு. ஆஸ்பத்திரிக்காச்சும் வாங்கன்னேன். ஸ்கூல் லீவு விட்டதும் மக வந்து கூட்டிட்டுப் போகும்னுட்டாரு.”

நான் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார், பாவி மனுஷன். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “நேரம் இருந்துச்சுப்பா, எனக்கு நேரம் இருந்துச்சு” என்று கத்தினேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு பேர் என்னைப் பிடித்துத் தூக்கினார்கள்.

“அப்பன் மேல அம்புட்டு உசிரு” என்று யாரோ சொன்னார்கள்.