எட்டு மரையும் சமமாகத் தாங்காது

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பழி சிவகுமாரின் தலையில் விழுந்திருந்தது. ஆயுத பூஜை முடிந்து ஓட்டிய மூன்றாம் நாளே, தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் அச்சைப் பிடித்திருந்த ஒரு நட்டின் மரைகள், உள்ளே சுற்றி ஓடும் புரிகள், அறுந்து, அச்சு சரிந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் பூஜை முடிந்து அதை முறுக்கியவன் சிவகுமார், காண்ட்ராக்ட் ஆள். அறிக்கையில் அவன் தப்பென்று எழுதிவிட்டால் நாளை முதல் அவனுக்கு வேலை கிடையாது.

"நட்டுல எட்டு மரை இருக்கு. எட்டும் சேர்ந்து தாங்க வேண்டாமா? கண்டபடி முறுக்கியிருக்கான்," என்றார் பராமரிப்புப் பொறுப்பாளர் சம்பத்குமார்.

ஃபிட்டர் மகேஸ்வரிக்குச் சுருக்கென்றது. ஹனூர்க்காரி, கோபம் வந்தால் குரல் தாழும்.

"எட்டும் சமமாத் தாங்காதுங்க சார். நட்டு உக்கார்ற பக்கத்து முதல் மரையே மூணுல ஒரு பங்கு சுமக்கும். அது சாஞ்சா பாரம் அடுத்ததுக்குப் போவும். அப்படியே ஒண்ணொண்ணாப் போயிருமுங்க."

பக்கத்து நட்டைக் கழற்றிக் காட்டினாள். முதல் மரை நசுங்கியிருந்தது, இரண்டாவது சாய்ந்திருந்தது, மற்றவை புத்தம் புதிதாக இருந்தன. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருத்தி ஓடியாட, மற்றவர்கள் பட்டுப்புடவை கசங்காமல் நிற்பார்களே, அந்தக் கதைதான்.

"இறுக்கம் அளக்குற ரென்ச்சுல, சார்ட்டுல எழுதின அளவுதான் அக்கா வெச்சேன். டக்குன்னு சத்தம் வந்ததும் நிறுத்திட்டேன்," என்றான் சிவகுமார். அவள் ரென்ச்சைப் பார்த்தாள், அளவு சரிதான். அப்போதுதான் கையிலிருந்த நட்டில் விரல் வழுக்கியது. எண்ணெய்!

பூஜைக்கு முந்தின நாள் போல்ட்டுகளை எல்லாம் துடைத்து, பளபளக்கட்டும் என்று எண்ணெய் தடவிப் பொட்டு வைத்தவள் மகேஸ்வரியே. எழுதியிருந்த அளவோ உலர்ந்த மரைக்கானது. எண்ணெய் பட்டால் உராய்வில் போக வேண்டிய பலமும் சேர்ந்து போல்ட்டை இழுக்கும்; மரை தாங்காது. இத்தனை பேசியவளுக்கு அது தோன்றவில்லை.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருக்கிறது. பயமாக இருந்தது.

"எண்ணெ போட்டது நாந்தானுங்க சார். அவன் மேல தப்பில்லீங்க."

"நானும் கூடத் தடவினேன் சார்," என்றான் சிவகுமார் சட்டென்று.

"அன்னிக்கு உன் லீவு லெட்டர்ல கையெழுத்துப் போட்டதே நான்தான்டா," என்றார் சம்பத்குமார். பிறகு அறிக்கையில் மகேஸ்வரியின் பெயரை மட்டும் எழுதி, தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அழுகை முட்டியது. நிம்மதியாகவும் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.