கை மாறிய கயிறு

பூசாரியிடம் ஒச்சாயி அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது. விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். கேட்டுத் தொலைத்தாள். புருஷன் மேல் அவ்வளவு கரிசனம்!

உசிலம்பட்டிப் பக்கம் அவர்களுடைய குலசாமி கோவிலில் குடியை நிறுத்தக் கயிறு கட்டுவார்கள். கறுப்புக் கயிறு, வலது மணிக்கட்டில். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான். கெடு முடிவதற்குள் கயிற்றை அறுத்தாலும் அதே கதிதான். முருகவேலுக்கு ஆடி மாதம் கட்டினார்கள், ஆறு மாதக் கெடு. பூசாரி எழுந்துகொள்ளப் போன நேரத்தில்தான் இவள் குறுக்கே விழுந்தாள்.

"சாமி, இவுகளுக்குத் திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை. கையில கயிறு, காப்பு எது இருந்தாலும் மெசின் மாட்டி இழுத்துரும்னு சூப்பர்வைசர் உள்ளயே விடமாட்டாரு. என்ன செய்யட்டும்?"

பூசாரி யோசித்துவிட்டுச் சொன்னார்: "வேலை நேரத்துக்கு அவுத்து ஒங் கையில கட்டிக்க தாயி. புருசன் பொஞ்சாதி ரெண்டு ஒடம்பும் சாமிக்கு ஒண்ணுதான். கயித்தக் கீழ மட்டும் வச்சிராத."

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு லைன் வீட்டு வாசலில் முருகவேல் கயிற்றை அவிழ்த்து அவள் கையில் கட்டுவான். அவள் அதோடு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போவாள். சாயங்காலம் அவன் கையில் திருப்பிக் கட்டிவிடுவாள். சொன்னால் சிரிப்பீர்கள், கல்யாணமாகி இருபத்தொரு வருஷத்தில் அவன் அடிக்காமல், பிடுங்காமல் அவள் கையைப் பிடித்தது இந்த மூன்று மாதத்தில்தான். கயிறு கட்டும் அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் காலையில் தலைகூடச் சீவிக்கொண்டு நின்றாள்.

இத்தனையும் மகளுக்காக. நதியா கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். போன வருஷம் அவர்கள் காலேஜில் விளக்கேற்றும் விழா. வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் கையில் விளக்கோடு வரிசையாக நின்று உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். முருகவேல் முட்ட முட்டக் குடித்துவிட்டு, "எம் மகடா! எம் மகடா!" என்று மேடையில் ஏறினான். அவன் விழுந்த வேகத்தில் நதியாவின் விளக்கு உருண்டு, உடுப்பெல்லாம் எண்ணெய். போதாததற்கு வேட்டி வேறு அவிழ்ந்துவிட்டது. எந்தப் பிள்ளைதான் தாங்கும்? "அவரு நூறு நாள் குடிக்காம இருக்கட்டும், அப்பறமா ஊட்டுக்கு வர்றேன்" என்று சொன்னவள்தான். ஒரு மணி நேர பஸ் தூரம். பதினாலு மாதமாக அவள் வரவில்லை.

நூறு நாள் முடிந்தது. "வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேம்மா, அப்பாவும் ஊட்ல இருக்கணும், மூணு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று நதியா போனில் சொன்னதைக் கேட்டு ஒச்சாயி கம்பெனி பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. முருகவேல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இந்தா, கையக் குடு."

"இன்னைக்கு லீவுதான?"

"ஒரு லாட்டுக்குக் கலர் ஏறலையாம் புள்ள. சூப்பர்வைசர் போன் போட்டுட்டாரு. ரெண்டு மணி நேரம், மக வர்றதுக்குள்ள ஓடியாந்துருவேன்."

ஒச்சாயி கையை நீட்டினாள். ஒரு சந்தேகமும் வரவில்லை அவளுக்கு. கட்டி முடித்ததும் அவன் அவள் உள்ளங்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேறு போனான், பாவி.

பன்னிரண்டு மணிக்கு நதியா வந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்து வீட்டு மருதாள் ஓடிவந்து அவள் கன்னத்தை வழித்தாள். "ஏங்கண்ணு, உங்கம்மா விடியால நாலு மணிக்கே எந்திரிச்சு வாசல் தெளிச்சுட்டாங்க. எங்கூட்டு வாசலையும் சேத்துத் தெளிச்சுட்டாங்கன்னா பாரு!"

நதியா சிரித்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள். "கயிறு ஏம்மா உங்கிட்ட இருக்கு?"

"அப்பா அவசரமாப் பட்டறைக்குப் போயிருக்காரு ஆத்தா. இந்தா வந்துருவாரு."

பன்னிரண்டரை ஆனது. ஒன்று ஆனது. மகள் பசியோடு உட்கார்ந்திருந்தாள், சாப்பிடு என்றால் அப்பா வரட்டும் என்றாள். ஒச்சாயி குழம்பை மூன்று தரம் சூடு பண்ணினாள். ஒன்றே முக்காலுக்கு முருகவேல் வந்தான். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. கையில் மீன் வறுவல் பொட்டலம்.

"எந் தங்கம் வந்துருச்சா!" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். குடி வாடை அடுப்படி வரைக்கும் வந்தது.

நதியா எழுந்து சுவரோரமாகப் போய் நின்றாள்.

"என்னத்தா அப்புடிப் பாக்குற? நூறு நாளு! ஒரு சொட்டு தொடல. இன்னைக்கு மக வர்றான்ற சந்தோசம் தாங்கல, அதான் கொஞ்சூண்டு. சாமிக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு நெனைக்காத. கயிறு எங் கையிலயா இருக்கு? பாரு, ஒங்கம்மா கையில பத்திரமா இருக்கு. பூசாரியே சொன்னதுதான!"

என்ன மூளை பாருங்கள்! சாமியையே ஏய்க்கத் தெரிந்தவனுக்குப் பொண்டாட்டி எம்மாத்திரம்? ஆசை ஆசையாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றோமே என்று நினைத்தபோது ஒச்சாயிக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது.

நதியா பையைத் தோளில் மாட்டினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை.

"அம்மா, கெளம்பு. எங்கூட வா. ஹாஸ்டலுக்குப் பக்கத்துல ரூம் இருக்கு, அங்கயும் தையல் கம்பெனி இருக்கு. அந்தக் கயித்த அறுத்து எறிஞ்சுட்டு வா."

"அறுக்கக் கூடாதுத்தா. அறுத்தா ஒங்கப்பா ரத்தம் கக்கிருவாரு."

"நான் நர்ஸிங் படிக்கிறேம்மா. கயித்தால யாரும் ரத்தம் கக்க மாட்டாங்க."

"நீ சின்னப் புள்ள. ஒனக்குத் தெரியாது. சரி, இந்தக் கயித்தோட வந்தாலும் சாயங்காலம் யாரு அவருக்குத் திருப்பிக் கட்டுறது? இன்னும் ரெண்டரை மாசம். தை பொறக்கட்டும், கெடு முடிஞ்சதும் நானே வந்துர்றேன்."

நதியா வாசல் பக்கம் திரும்பினாள். "மூணு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இருப்பேன். வர்றதுன்னா வா. இல்லைன்னா இனிமே என்னைக் கூப்பிடாதம்மா. என்னால முடியல." அப்பாவைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள். ஒரு வாய் சாப்பிடவில்லை.

முருகவேலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்த மக என்னைய மதிக்கல. பாத்துக்க!" என்று மிச்சக் குடியைக் குடிக்கக் கிளம்பினான்.

ஒச்சாயி போகவில்லை. கறிச்சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தே இருந்தாள். இரண்டரை ஆனது, மூன்று ஆனது. மூன்றேகாலுக்கு நதியாவுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தரம் போட்டாள், சுவிட்ச் ஆஃப் என்றது. மகள் தன்னை எதற்காகக் கூப்பிட்டாள், தான் எதற்காகப் போகவில்லை என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அவன் உயிருக்காக. அந்த ஒற்றைச் செருப்புக்காரன் உயிருக்காக!

கம்பெனியில் பீஸில் தொங்கும் நூலை வெட்டுகிற டிரிம்மர் பைக்குள் கிடந்தது. எடுத்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அடித்தபோதுகூட நினைக்காததை இப்போது நினைத்தாள். சாகட்டும். இன்றைக்கே, இப்போதே சாகட்டும். கயிற்றுக்குக் கீழே முனையை விட்டு அழுத்தினாள். கயிறு தரையில் விழுந்தது.

அப்புறம் காத்திருந்தாள். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. நாலு, நாலரை. ஐந்து மணிக்கு மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. எழுந்து வாசலுக்கு ஓடினாள். பக்கத்து வீட்டு வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த மருதாள், "என்னாச்சுங்க ஒச்சாயிக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். ஆம்புலன்ஸ் எங்கோ போய்விட்டது. யார் வந்து எப்படிச் சொல்வார்கள், கேட்டதும் எப்படி விழுந்து அழவேண்டும், ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி பிடிக்கவேண்டும் என்பதுவரை யோசித்துவைத்திருந்தாள். பதினாலு மாதமாகச் செத்துக் கிடந்த நெஞ்சில், ஐயோ பாவம், கொஞ்சம் வெளிச்சம்கூட வந்திருந்தது. அவன் போய்விட்டால் நதியா வருவாள்.

ஆறு மணிக்கு லைன் வீட்டுப் படியில் காலடிச் சத்தம். கூடவே பாட்டு.

முருகவேல் முழுசாக வந்தான். மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை. பாயை எடுத்துத் தானே விரித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒச்சாயிக்கு ஆத்திரமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஏமாற்றம்தான் வந்தது. நெஞ்சு நிறைய ஏமாற்றம். தாலி கட்டியவன் உயிரோடு வந்ததற்கு ஏமாந்துபோகிற பொம்பளையாகத் தான் ஆகிவிட்டதை நினைத்து அவளுக்குத் தன்னையே பார்க்கப் பிடிக்கவில்லை.

கயிற்றில் ஒன்றுமே இல்லை. மகள் சொன்னதுதான் சரி. மத்தியானமே அறுத்துப் போட்டுவிட்டு மூணு மணி பஸ்ஸில் போயிருக்கலாம். இந்நேரம் மகளோடு ரூமில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

"கறி மிச்சம் இருக்கா?" என்றான் அவன். "மக திங்காமப் போயிட்டாளேன்னு எனக்கு மனசே சரியில்ல. பசி காதை அடைக்குது."

அவள் அடுப்பைப் பற்றவைத்துக் குழம்பை நாலாவது தரமாகச் சூடு பண்ணினாள்.