எட்டு மீட்டர் மனையில் யாருடைய பாதம்?

14 நவம்பர், வியாழன்

இன்று என் தவறு ஒன்று தெரியவந்தது. போன வாரம் அக்கா கணவரான மாமாவின் பாதத்தை ரப்பர் செருப்போடு அளந்திருக்கிறேன். கட்டட வரைபடம் கற்கும் மாலை வகுப்பில், அவர்கள் கட்டப்போகும் வீட்டின் வரைபடத்தை விரித்தபோதுதான் மாமாவுக்கு முப்பது சென்டிமீட்டர் பாதம் இருக்காதே என்று உறைத்தது.

சுவரிலிருந்து கட்டடம்வரை விடும் இடைவெளியை இங்கே பாலித் தீவின் கியான்யாரில் வீட்டுக்காரரின் பாதத்தால் அளப்பது சாமிக்கான வழக்கம். நீளவாக்கில் ஐந்து பாதம், கடைசியில் குறுக்கே ஒன்று; இடத்துக்கு உயிர் கொடுப்பது அந்தக் குறுக்குப் பாதம். நகராட்சிக்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் போதும். ஆனால் முன்பக்கம் மூன்று மீட்டருக்குக் கூரை போட விடமாட்டார்கள். கார் அதைவிட நீளம். ஆகவே கார் ஷெட் உள்ளே தள்ளி, முன்னறையை ஒட்டித்தான் வரமுடியும்.

கார் மாமாவுடையது அல்ல. முதலாளி கொடுத்தது. கலுங்கான் பண்டிகைக்குள் கூரையடியில் நிறுத்தாவிட்டால் சாவியைத் திருப்பித் தர வேண்டும். சுற்றுலாக்காரர்களை ஏற்றிச் செல்வதைத் தவிர மாமா புதியாசாவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லி மறுபடி அளந்தேன். நீளம் இருபத்தேழு, அகலம் பத்து. மனையின் அகலம் எட்டு மீட்டர். இருபக்க இடைவெளியும் மூன்று மீட்டர் முன்னறையும் போக, ஷெட்டுக்கு இரண்டு மீட்டர் பத்து மிஞ்சியது.

"பழைய கணக்குல கார் உள்ள போயிருக்கும், நான் வெளிய வந்திருக்க முடியாது," என்றார் மாமா. "இப்ப?"

"இப்ப நீங்க பாதி வெளிய வருவீங்க," என்றாள் அக்கா அஸ்தினி. "வயிறு உள்ளயே இருக்கும்."

முன்னறையைக் குறைக்கலாமா என்று கேட்டேன். அக்கா பார்த்த பார்வையில் அந்தக் கேள்வியை அழித்துவிட்டேன். பிறகு நகராட்சி மனுவை நிரப்பும்போதுதான் பத்திரத்தைக் கவனித்தேன். அக்காவின் நர்ஸ் சம்பளத்தைப் பார்த்துத்தான் வங்கி கடன் கொடுத்தது. நிலம் அவள் பெயரில் இருந்தது. அப்படியானால் வீட்டுக்காரர் யார்? வகுப்பில் இதைச் சொல்லித்தரவில்லை. அவள் பாதம் நீளம் இருபத்திரண்டு, அகலம் ஒன்பது. ஷெட் இரண்டு மீட்டர் அறுபத்திரண்டு ஆகும். கார் நுழையவேண்டும் என்பதற்காக நான் பாதத்தை மாற்றுகிறேனா, அல்லது முதலிலேயே தவறான பாதத்தை அளந்தேனா? இருவரிடமும் இதைச் சொன்னேன்.

"ஏண்டா, சாமி பத்திரம் பாக்குமா?" என்றார் மாமா. "குடும்பத் தலைவன் நான். என் வீட்டை அவ காலால அளந்தா ஊரு சிரிக்காது?"

"சாமிக்குத் தினமும் பூத்தட்டு வைக்கிறது யாரு?" என்றாள் அக்கா. "உங்க கார் கண்ணாடிக்கிட்ட வைக்கிறதும் நான்தான். சாமிக்கு என்னைத் தெரியும். உங்களைத்தான் தெரியுமான்னு சந்தேகம்."

மாமா வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். அப்புறம் ஒரு வழி சொன்னார். "மேக்குப் பக்கம் என் கால், கிழக்குப் பக்கம் அவ கால். யாருக்கும் குறையில்ல."

ஒரு மனையை இரண்டு பேர் பாதத்தால் அளக்கலாமா? தெரியவில்லை. கணக்கு மட்டும் போட்டேன்: இரண்டு மீட்டர் முப்பத்தாறு. வாடகை வீட்டு முற்றத்தில் மூங்கில் நட்டு, அந்த அகலத்தில் இரண்டு கயிறு கட்டினேன். மாமா காரைக் கயிற்றுக்குள் ஓட்டி, இடப்பக்கம் நெருக்கி நிறுத்தினார். தன் கதவைத் திறந்து சிரமமில்லாமல் இறங்கினார்.

"பாத்தியா!" என்றார்.

இடப்பக்க இருக்கையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் கதவு ஒரு கை அளவு திறந்து கயிற்றில் முட்டியது.

"நல்லாயிருக்கு," என்றாள் உள்ளிருந்தே. "கடன் கட்டி முடிக்கிறவரைக்கும் நான் இங்கயே இருக்கேன். சோறு இங்க கொண்டு வாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவர் காரைச் சுற்றி வந்து கயிற்றை அவிழ்த்து, அவள் கதவை முழுசாகத் திறந்துவிட்டார்.

"ரெண்டு பக்கமும் அவ காலையே போடு," என்றார் என்னைப் பார்க்காமல். "ஊரு கேட்டா நான் பேசிக்கிறேன்."

இது சரியா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

நாளை: வேலைக்குக் கிளம்புமுன் வரைபடத்தை அக்காவின் பாத அளவில் புதிதாக வரைய வேண்டும். வீட்டுக்காரர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதி, நகராட்சியில் கொடுக்க வேண்டும்.