நேரலையில் ஓர் இரங்கல்

வானொலி ஸ்டூடியோ மைக்கின் பஞ்சுறையில் ஊர்ப்பட்ட பேருடைய எச்சில் நாற்றம். பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டே பெரியவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். அவனும், கூடப்பிறந்த சின்னவனும், ஒரு டிரம்மரும் சேர்ந்ததுதான் அந்த ராக் பேண்டு. சின்னவன் பாடுவான். ஆனால் எந்தப் பாட்டையும் பெரியவனுடைய பேஸ்தான் தொடங்கும். அது விழாமல் மற்ற இருவரும் வாயையும் திறக்கமாட்டார்கள், கையையும் தூக்கமாட்டார்கள். அப்படியே பழகிவிட்டார்கள்.

நேரலைக்கு முன்னால் அறிவிப்பாளர் நகத்தைக் கடித்துத் தரைவிரிப்பில் துப்பிக்கொண்டே சொன்னார். "வெறும் பாட்டு எடுபடாது தம்பி. அழுகாச்சிக் கதை ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

சீ, இது ஒரு பிழைப்பா என்று பெரியவனுக்குக் குமட்டியது. சின்னவனோ நல்ல பிள்ளையாய்த் தலையாட்டினான்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அறிவிப்பாளரின் குரலில் தேன் வழிந்தது. "'இன்னும் வரல'ன்னு ஒரு பாட்டு. எப்படிப் பிறந்துச்சு இது?"

சின்னவன் தொண்டையைக் கனைத்தான். "எங்கப்பா இறந்த அன்னைக்கு ராத்திரி எழுதினேன் சார்."

அடப்பாவி! அந்தப் பாட்டு வராத பஸ்ஸுக்காக நின்ற கடுப்பில் எழுதியது. அப்பாவோ வீட்டில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார். பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன், குடியிருப்பு முழுக்கக் கதவைத் தட்டி, "எம் பசங்க ரேடியோவுல வர்றாங்க" என்று சொல்லிவிட்டு, காலையிலிருந்தே ரேடியோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் காதில் இது விழுந்திருக்குமே!

"அச்சச்சோ," என்றார் அறிவிப்பாளர். அவர் கண்ணில் ஈரம் இல்லை, பசிதான் இருந்தது. "இதோ, நேயர் ஒருத்தர் லைன்ல வந்திருக்காரு. சொல்லுங்க ஐயா, யார் பேசறது?"

ஹெட்ஃபோனில் ஒரு செருமல். அந்தச் செருமல் பெரியவனுக்குத் தெரியும்.

"நான்... அவங்க பக்கத்து வீட்டுக்காரன்ங்க," என்றார் அப்பா.

"அவங்க அப்பாவைத் தெரியுமா?"

"பழக்கம் உண்டு. பிள்ளைங்க மேல உசுரு அவருக்கு."

"எப்படிப் போனாரு?"

மறுபடியும் அதே செருமல்.

"தூக்கத்துலயே போயிட்டாரு. யாருக்கும் தொந்தரவு குடுக்கல. பாடச் சொல்லுங்க தம்பிய."

அறிவிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப் பொறியாளரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். சின்னவன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு இளித்தான். "அப்பா சமாளிச்சுட்டாருண்ணா! ஆரம்பி, ஆரம்பி!"

பெற்றவரைப் பாடையில் ஏற்றிவிட்டு இளிக்கிறானே! அந்தப் பல்வரிசையைப் பார்க்கவே பெரியவனுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, தன் விரல் அதற்குள் கம்பியைத் தேடிப் போயிருந்தது. சனியன் பிடித்த விரல்! அதைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான்.

டிரம்மர் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தான். சின்னவனின் இளிப்பு மெல்ல வடிந்தது. வானொலியில் மௌனத்தைப் போல விஷம் வேறில்லை. பொறியாளர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் பெரியவன் மைக்கைத் தன் பக்கம் இழுத்தான்.

"அப்பா, எங்களுக்காக நீங்க எதுக்குப்பா சாகணும்?"

அறிவிப்பாளர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சின்னவன், "அண்ணா, வேணாம்ணா," என்று கெஞ்சினான்.

"போனை வெச்சுடாதீங்க. லைன்ல இருக்கீங்களாப்பா?"

அழுகையை விழுங்குகிற சத்தம் முதலில் கேட்டது. பிறகுதான் குரல் வந்தது.

"இருக்கேன்ப்பா."