சிவந்த தண்ணீர்

பள்ளிக்கூட ஹாலில் அன்று ஒன்பதாம் வகுப்பையும் பிளஸ் ஒன்னையும் சேர்த்து உட்கார வைத்திருந்தார்கள். சுவரில் சிவப்பு ரிப்பன் வரைந்த பேனர். கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். நம் தண்ணீரில் பாதியைப் பக்கத்தில் இருப்பவருக்கு ஊற்றிவிட்டு, அவருடையதில் பாதியை வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படியே இன்னும் சிலரோடு. பையன்கள் பையன்களோடு, பெண்கள் பெண்களோடு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

கடைசியில் பயிற்சியாளர் ஒவ்வொரு டம்ளரிலும் மஞ்சள் கரைசல் விட்டுக்கொண்டே வந்தார். முக்கால்வாசி டம்ளர்கள் சிவந்தன. முதலில் இரண்டே டம்ளரில்தான் சுண்ணாம்புத் தெளிவு கலந்திருந்தாராம்.

"அடியே, ஆரத்தித் தண்ணி! யாருக்குடி கல்யாணம்?" என்றாள் என் பக்கத்தில் இருந்த ஸ்வாதி. ஹாலே சிரித்தது.

"சிவந்ததெல்லாம் எச்.ஐ.வி. வந்தவங்க. இந்தத் தண்ணி மாத்துறதுன்னா உண்மையில என்னன்னா…" என்று பயிற்சியாளர் ஆரம்பித்தார்.

"சார், பொம்பளப் பிள்ளைங்க இருக்குது. அதெல்லாம் வாணாம்" என்றார் வாசலில் நின்ற தலைமையாசிரியர்.

பயிற்சியாளர் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "எல்லாரும் ஒழுக்கமா இருக்கணும், சரியா?" என்றார். "சரி சார்" என்று கத்தினோம். பிஸ்கெட் கொடுத்தார்கள்.

நின்றுபோன அந்த வாக்கியத்தின் மீதி எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருந்தது. லாரி ஓட்டிய அப்பா இறந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். தம்பி ஹரீஷ்குமாரைப் பொறுத்தவரை, அம்மா மாதாமாதம் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் வாங்கிவரும் மாத்திரைகள் ரத்தசோகைக்கு.

அவன் ஒன்பதாவது படித்தான். ஹாலில் எனக்கு நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் சட்டையில் மஞ்சள் சிந்தியிருந்தது.

சாயங்காலம் அம்மா கார்மெண்ட்ஸ் வேனிலிருந்து இறங்கியதும் அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். எங்கள் லைன் வீடுகளுக்குப் பொதுவாக ஒரு துவைக்கிற கல். கம்பெனிப் புகைபோக்கிகளுக்குப் பின்னால் வானம் கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது. அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அவள் கைக்கு அடியில் மஞ்சள் கறை மெல்லச் சிவந்தது. ஹரீஷ் பார்த்துக்கொண்டே நின்றான்.

"உடும்மா, நானே தொவைச்சிக்கறேன்."

"என்னாடா புதுசா?"

"பொண்டாட்டி வர்றதுக்குள்ள பழகிக்கறான் ஜோதி, உடு" என்றாள் பக்கத்து வீட்டு மங்கம்மாக்கா.

அவன் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் ஒரே குண்டான்தான். அம்மா சோற்றைப் பிசைந்து எனக்கொரு உருண்டை, அவனுக்கொரு உருண்டை, தனக்கொன்று என்று போடுவாள். சொந்த ஊர் கல்லாவியில் இருந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்று ஹரீஷ் கையை நீட்டவில்லை.

"எனக்குத் தட்டுல போடு."

அவனுக்கான உருண்டை அம்மாவின் கையில் அப்படியே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அவள் அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அம்மா மூன்று எவர்சில்வர் தட்டு வாங்கிவந்தாள். தன் டம்ளரின் அடியில் ஆணியால் ஒரு கோடு கிழித்தாள். கதவோரம் தனியாக உட்கார்ந்தாள்.

"சோத்துல வராதுன்னு ஆஸ்பத்திரி அக்கா சொன்னாங்கல்ல?" என்றேன், தம்பி வெளியே போனதும்.

"அவங்க சொல்லிட்டுப் போயிடுவாங்க. நாளைக்கு அவனுக்கு ஒண்ணுன்னா யாரு பாக்கறது? பரீட்சை முடிஞ்சதும் அத்தை ஊட்டுக்கு அனுப்பிடறேன். கல்லாவியிலயே படிக்கட்டும்."

ரேஷன் கடைக்குப் போய் வரச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் லாரி வந்தது. சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டி, அவன் தள்ள, நான் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தேன்.

"அம்மாவப் பத்தி உனக்கு என்னா தெரியும்?"

அவன் சைக்கிளைக் குழியில் இறங்காமல் தள்ளினான். "மாத்திரை தர்ற ரூம் கதவுலயும் அதே ரிப்பன் இருக்குது. அம்மாகூட போனப்பவே பாத்தேன்."

"சட்ட செவந்தது சோப்பாலடா."

"அது தெரியும்க்கா. நான் என்ன லூசா? ஆனா டம்ளரு? ஊத்தினா வருதுல்ல?"

"அன்னிக்கு ஊத்துனது தண்ணி இல்ல."

"பின்ன என்னாவாம்?"

சாலையில் யாரும் இல்லை. ஒரு நாய் மட்டும் நிழலில் படுத்திருந்தது. நான் குடத்தைப் பார்த்தபடியே சொன்னேன். "ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணா படுக்கறாங்கல்ல, அதுல வரும். ஆணுறை போட்டா வராது. வேற ஒருத்தர் ரத்தம் ஏறினா வரும், ஊசியில வரும். வயித்துல இருக்கற கொழந்தைக்கும், பால் குடிக்கற கொழந்தைக்கும் வரலாம். தட்டுல வராது. டம்ளர்ல வராது. அம்மா கையால வராது."

அவன் காது சிவந்துவிட்டது. "ச்சீ. ஏங்கா நீ இதெல்லாம் பேசற?"

"அந்த சார் பேசல. அதான்."

குடத்திலிருந்து தண்ணீர் தளும்பி என் காலில் விழுந்தது.

"அப்ப நாம? அம்மா வயித்துலதான இருந்தோம்?"

"பாத்துட்டாங்க. போன வருசம் காய்ச்சல்னு சொல்லி உனக்கு ரத்தம் எடுத்தாங்கல்ல, அது இதுக்குத்தான். ரெண்டு பேருக்கும் இல்ல."

"நெஜமா?"

"நெஜமா."

வீட்டு முனையில் சைக்கிளை நிறுத்தி, "அப்பாவுக்குத்தான் மொதல்ல வந்துச்சா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் குடத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

மதியம் அம்மா மூன்று தட்டில் சோறு போட்டாள். கதவோரம் போய் உட்கார்ந்தாள். ஹரீஷ் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் போய்க் குந்தினான். தன் தண்ணீரில் பாதியைக் கோடு கிழித்த டம்ளரில் ஊற்றினான்.

"டேய், என்னாடா பண்ற?" அம்மா அதைப் பின்னால் இழுத்தாள்.

அவன் அவள் கையிலிருந்து வாங்கி, அதில் பாதியைத் தன் டம்ளரில் ஊற்றிக் குடித்தான். அம்மாவுக்கு எங்கள் பள்ளிக்கூட விளையாட்டு தெரியாது. "லாரித் தண்ணியில வெளாடாத" என்று மட்டும் சொன்னாள்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு வெறுங்கையை நீட்டினான்.

அம்மா மறுபடி என்னைப் பார்த்தாள். இந்த முறை, அவனுக்குத் தெரியும் என்று தலையாட்டினேன். அவள் தன் தட்டை அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு பிசைந்தாள். உருண்டை முன்பைவிடச் சின்னதாக இருந்தது. தன் விரல் படாமல் அதை அவன் உள்ளங்கையில் போட்டாள்.