ஆறாம் நம்பரின் இடது தோள்

பள்ளிக்கூடம் திறந்து ரக்பி சீசனும் தொடங்கிவிட்டால் கல்பனாவுக்கு முதலில் வருகிற கவலை, போன வருஷத்து நோட்டு எதற்கும் உதவாது என்பதுதான். ஆடுகிறவர்கள் எல்லாம் பதினாறு வயசுக்குள்ளான பெண்கள். மார்ச்சில் கோட்டோரமாக நின்று நகம் கடித்துக்கொண்டிருந்தவள், கோடை லீவு முடிந்து ஒரு சாண் வளர்ந்து வந்து நிற்பாள். எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடியவள், பத்தாம் வகுப்பு டியூஷன் என்று டீமைவிட்டே போயிருப்பாள். எந்த ஊர் டீம் பலம், எது சோப்ளாங்கி என்பது முதல் சில ஞாயிற்றுக்கிழமைகள் நேரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போய்ப் பார்க்கிற வேலை கல்பனாவுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகங்கள் வார்க்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிறவள் அவள். வார்த்து வந்த உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே பொத்தல், எங்கே விரிசல் என்று எட்டு மணி நேரம் தேடுகிற கண். அந்தக் கண்ணுக்காகவே கோச் தணிகைவேல் அவளைத் துணைக் கோச்சாகச் சேர்த்துக்கொண்டார். அவளும் ஒரு காலத்தில் ஆடியவள்தான். காலேஜில் கபடி, அப்புறம் ரக்பி. ஒரு மேட்சில் எதிர் டீம்காரி ஒருத்தி கல்பனாவின் முட்டியில் கட்டியிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே அதன் மேலேயே வந்து விழுந்தாள். டாக்டர் ஒரு வருஷத்தில் ஓடலாம் என்று சொன்னார். ஆறு வருஷமாகியும் கல்பனா ஓடவில்லை. விசில் ஊதுவாள், நோட்டு எழுதுவாள், அதோடு சரி.

ஜூலை முதல் ஞாயிறு பொன்னேரி மைதானத்தில் பழவேற்காட்டுக்கும் ஆரணிக்கும் மேட்ச். அடுத்த ஞாயிறு கும்மிடிப்பூண்டி மோத வேண்டியது பழவேற்காட்டோடு. கல்பனா காலை ரயிலில் போய் இறங்கினாள். டீம் பனியன் இல்லை, சாதாரண சுடிதார். நோட்டுக்குப் பதில் கைக்கு அடக்கமான டைரி, மளிகை லிஸ்ட் எழுதுகிற மாதிரி. வேப்பமரத்து நிழலில், பார்க்க வந்த அம்மாக்களோடு போய் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு நாற்பது வயசு இருக்கும். அகன்ற தோள், வெயில் பட்டுக் கறுத்த முகம், மடியில் எவர்சில்வர் டப்பா. உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே டப்பாவைத் திறந்து நீட்டினாள்.

"எறா வறுவல். விடிய முன்ன வலையில வந்தது. துன்னு."

"வேணாம்க்கா."

"இன்னா வேணாம்? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, நாஷ்டா பண்ணாம ரயிலேறி வந்துக்கிற."

கல்பனா இரண்டு எடுத்தாள். அப்புறம் நாலு எடுத்தாள். அந்த அம்மாவின் பெயர் பச்சையம்மா. பழவேற்காட்டு ஏரியில் புருஷன் படகு ஓட்டுகிறார். பழவேற்காடு டீமின் ஆறாம் நம்பர் கவிப்பிரியா அவள் மகள்.

"உன் பொண்ணு எது?" என்றாள் பச்சையம்மா.

கல்பனாவுக்குத் தொண்டையில் எறா நின்றது. "என் அக்கா பொண்ணுக்கா. ஆரணி டீமு. அஞ்சாம் நம்பர்."

விசில் அடித்தது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், ஏழு ஏழு நிமிஷமாக இரண்டு பாதி. பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், கூட ஓடுகிறவளுக்குப் பின்பக்கமாகத்தான் போடலாம். எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டித் தரையில் வைத்தால் டிரை, ஐந்து புள்ளி. பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் இன்னும் இரண்டு.

ஆட்டம் பார்க்க ஆரம்பித்ததும் கல்பனாவுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. பழவேற்காடு ஒன்றாம் நம்பர் மூன்றாவது நிமிஷத்திலேயே இளைக்கிறாள். நாலாம் நம்பர் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள். இரண்டாம் நம்பர் பொடிசு, பார்க்கத் தேவையில்லை. ஆனால் ஆறாம் நம்பர்! கவிப்பிரியா பந்தை வலது கையில் இடுக்கிக்கொண்டு கிளம்பினால் மூன்று பேர் போய் விழுந்தும் நிற்கவில்லை. நடுவில் யாரோ ஆரணிக்காரிக்கு மூக்கில் அடிபட்டு ரத்தம் வந்தது. ஆட்டத்தை நிறுத்திப் பஞ்சு வைத்தார்கள். அந்த இடைவெளியில் கல்பனா வேகவேகமாக எழுதினாள்: ஆறு, எப்போதும் வலது கையில் பந்து. வலது பக்கமாகவே வளைகிறாள். ஏன்?

பாதி ஆட்டம் முடிந்தபோது பச்சையம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"உன்னாண்ட சொல்றேன், யாருக்கும் சொல்லாத. எம் பொண்ணுக்கு எடது தோளு சரியில்ல. போன மாசம் படகுலேர்ந்து எறங்கச்சொல்ல வழுக்கி உழுந்து எலும்பு நவுந்துபூடுச்சி. அந்தப் பக்கம் எவளாவது மோதினா அவ்ளோதான், துடிச்சிப்பூடும். ஆடாதடின்னா கேக்க மாட்டேங்குது."

கல்பனா டைரியை மூடினாள். வலது கையில் பந்து, வலது பக்கம் வளைவு. எல்லாம் பொருந்திவிட்டது.

பழவேற்காடு இருபத்திரண்டுக்கு ஐந்து என்று ஜெயித்தது. கிளம்பும்போது பச்சையம்மா டப்பாவில் மிச்சமிருந்ததைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தாள். திரும்பி வருகிற ரயிலில் கல்பனா ஒவ்வொரு நம்பராக விரித்து எழுதினாள். ஆறாம் நம்பர் வந்ததும் பேனா நின்றது. இரண்டு வார்த்தை போதும்: இடது தோள். தணிகைவேல் சாரிடம் சொன்னால் திலகவதியை இடது பக்கம் நிறுத்துவார். திலகவதி கேப்டன், ஆவடி பஸ் மாதிரி வந்து மோதுகிறவள். ஐந்தே நிமிஷத்தில் கவிப்பிரியா வெளியே போய்விடுவாள். கல்பனாவின் கை தானாக முட்டியைத் தடவியது. ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டுகிறவரை யோசித்தாள். அப்புறம் எழுதினாள்: ஆறு, நல்ல பலம். இடுப்புக்குக் கீழே மட்டும் பிடிக்கவும்.

செவ்வாய்க்கிழமை மாலைப் பயிற்சியில் தணிகைவேல் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"இன்னா கல்பனா, ஒன்னு, நாலுக்கெல்லாம் பத்தி பத்தியா எழுதிக்கிற. இந்த ஆறாம் நம்பருக்கு ஒரு வரிதான். ஒரு வீக்னஸ் கூடவா இல்ல?"

"இல்ல சார்."

ஒரு பொய் சொன்னதற்கு ஐந்து நாள் உழைப்பு என்றாகிவிட்டது. அந்தப் பெண்ணின் தோளுக்கு மேல் யாரும் போய்விடக் கூடாதே என்ற பயத்தில், தினமும் மாலை கல்பனா ஏழு பேரையும் குனியவைத்தாள். "கீழ, இன்னும் கீழ! ரெண்டு கையாலயும் தொடையக் கட்டிப் புடி. கன்னம் அவ இடுப்புல ஒட்டணும். தோளு பக்கம் எவளாவது போனா மைதானத்த பத்து ரவுண்டு!"

"அக்கா, நாங்க ரக்பி ஆடறமா, நாத்து நடறமா?" என்று முனகினாள் திலகவதி. அவள் வீட்டில் நிஜமாகவே நடவு நடந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் மேட்ச். முந்தின நாள் மழை பெய்து தரை சேறாகியிருந்தது. கம்பத்துக்கு சவுக்குக் கழி நட்டிருந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதில் பச்சையம்மாவும் இருந்தாள். டீம் பனியன் போட்டுக் கழுத்தில் விசிலோடு நிற்கிற கல்பனாவை அவள் பார்த்தாள். கல்பனாவுக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. பச்சையம்மாவோ ஆச்சரியமே படவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, எதிர்க் கோட்டோரம் போய் உட்கார்ந்தாள்.

முதல் நிமிஷத்திலேயே கவிப்பிரியாவிடம் பந்து வந்தது. கும்மிடிப்பூண்டி மூன்றாம் நம்பர் பயத்தில் சொல்லிக்கொடுத்ததை மறந்து நிமிர்ந்தபடியே போனாள், அதுவும் அந்த இடது தோள் பக்கமாக. கல்பனா "ஐயோ, வேணாம்!" என்று கத்தினாள். கவிப்பிரியாவின் இடது கை நீண்டது. நெஞ்சில் ஒரே தள்ளு. மூன்றாம் நம்பர் சேற்றில் மல்லாந்து சறுக்கிக்கொண்டு இரண்டு கஜம் போனாள். கவிப்பிரியா கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தாள். ஐந்து புள்ளி. உதை மட்டும் வெளியே போனது.

கல்பனா கோட்டோரத்திலிருந்து அந்தத் தோளையே பார்த்தாள். எலும்பு நகர்ந்த தோளா அது? வலை இழுக்கிற தோள் அல்லவா!

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அந்தப் பெண் இடதுகைக்காரி. இடது கையைத் தள்ளுவதற்காகவே காலியாக வைத்துக்கொண்டு, பந்தை வலது கையில் பிடிக்கிறாள். இடது பக்கம் போய் மோதுகிறவர்கள் நேராக அந்தக் கைக்குத்தான் போய் மாட்டுவார்கள்.

"குனிங்கடி!" என்று இந்தப் பக்கம் தணிகைவேல் கத்தினார். "அஞ்சு நாளா இன்னாத்துக்கு இடுப்ப ஒடச்சிக்கினீங்க? குனி!"

குனிந்தார்கள். அடுத்த முறை கவிப்பிரியா கையை நீட்டியபோது தள்ளுவதற்கு அங்கே ஒரு நெஞ்சும் இல்லை. திலகவதி ஏற்கெனவே கீழே போய்த் தொடைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். மரம் சாய்கிற மாதிரி கவிப்பிரியா சாய்ந்தாள். பந்து நழுவியது. பின்னால் வந்த கும்மிடிப்பூண்டி ஐந்தாம் நம்பர் அதைப் பொறுக்கிக்கொண்டு, யார் துரத்துகிறார்கள் என்றுகூடத் திரும்பிப் பார்க்காமல் கடைசிக் கோடு வரை ஓடினாள். உதையும் கம்பங்களுக்கு நடுவே போனது. ஏழுக்கு ஐந்து.

இரண்டாம் பாதியில் கல்பனாவுக்கு இன்னொரு அடி விழுந்தது. பார்க்கத் தேவையில்லை என்று அவள் தள்ளிய அந்தப் பொடிசு, இரண்டாம் நம்பர், எல்லாரும் கவிப்பிரியாவைச் சுற்றி நிற்கும்போது அவள் காலடியிலிருந்து பந்தை எடுத்துக்கொண்டு சேற்றில் ஏரி மீன் மாதிரி வழுக்கிப் போய் டிரை போட்டுவிட்டாள். உதையும் உள்ளே. பழவேற்காடு பன்னிரண்டு, கும்மிடிப்பூண்டி ஏழு.

"அந்தக் குட்டிப் பொண்ணப் பத்தி இன்னா எழுதின?" என்றார் தணிகைவேல்.

"அத்த மட்டும் கேக்காதீங்க சார்."

கடைசி நிமிஷத்தில் திலகவதி இரண்டு பேரை இழுத்துக்கொண்டே போய் மூலையில் விழுந்தாள். விழும்போது பந்து கோட்டின் மேல் இருந்தது; கோட்டைத் தொட்டாலே டிரைதான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இனி ஒரே உதை. உள்ளே போனால் ஜெயம். திலகவதி சேற்றைப் பாவாடை மாதிரி உடுத்திக்கொண்டு எழுந்து, பந்தைத் தரையில் விட்டு, அது எழும்பும்போது உதைத்தாள். பந்து உயரே போய் சவுக்குக் கழியின் நெற்றியில் 'டொக்'கென்று மோதி, வந்த வழியே திரும்பி வந்து அவள் காலடியில் விழுந்தது.

அப்புறம் யார் முதலில் சிரித்தார்களோ தெரியாது, இரண்டு டீமும் சேர்ந்து சிரித்து, கத்தி, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து சேற்றில் புரண்டார்கள். தோற்றவர்கள் யாருமில்லாத மேட்ச்.

பச்சையம்மா மைதானத்தின் குறுக்கே நேராகக் கல்பனாவிடம் வந்தாள். இடுப்பில் கை.

"ஏம்மா, நான் சொன்னது பொய்யின்னு எப்படி கண்டுபுடிச்ச?"

"பொய்யா?"

"பின்ன? வேவு பாக்க வந்தவளாண்ட நெசத்தையா சொல்லுவாங்க? உன் பசங்க எல்லாம் எடது பக்கமா வந்து உழும், எம் பொண்ணு எல்லாத்தையும் ஒரே கையால தள்ளிக்கினே பூடும்னு பாத்தா, மொத நிமிஷம் உழுந்தவள உட்டா ஒருத்திகூட அந்தப் பக்கம் தலைய வெக்கல!"

"நான் வேவு பாக்க வந்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் அக்கா பொண்ணு அஞ்சாம் நம்பருன்ன. அவளுக்குத்தான் மூக்கு ஒடஞ்சி ரத்தம் கொட்டுச்சி. நீ எழுந்து ஓடல. பேனாவ எடுத்து எழுதிக்கினு இருந்த."

கல்பனாவின் முகம் காதுவரை சிவந்தது. சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"அக்கா, நான் கண்டுபுடிக்கவே இல்ல. நீங்க சொன்னத அப்படியே நம்பினேன். அதான் யார்கிட்டயும் சொல்லல. அடிபட்ட தோள்ல போய் மோதச் சொல்றதா? அந்தப் புள்ளைக்கு எதுவும் ஆவக்கூடாதுன்னுதான் அஞ்சு நாளா எல்லாரையும் காலப் புடிக்கச் சொல்லிக்கினு இருந்தேன்."

பச்சையம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. இத்தனை நேரம் சத்தமாக இருந்தவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி," என்றாள் மெதுவாக. "என்னை இப்படி வெக்கப்பட வெச்சிட்டியே."

"ரெண்டு பேருமே பொய்தான்க்கா சொன்னோம். சரியாப் பூடுச்சி."

அதற்குள் கவிப்பிரியா பந்தோடு வந்து நின்றாள். தலை முதல் கால்வரை சேறு, பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை. கடைசி வார்த்தைகள் அவள் காதில் விழுந்திருந்தன. "இன்னாம்மா சொன்ன? எனுக்கு தோள்ல அடியா? நான் உழுந்தேனா, படகுலயா?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் கல்பனாவிடம் திரும்பினாள். "அக்கா, என்னை இதுவரைக்கும் எவளும் சாச்சதில்ல. உங்க கேப்டன் மூணு வாட்டி சாச்சா. எப்படின்னு காட்டுங்க."

"திலகாவக் கேளு, காட்டுவா."

"அவ உங்களத்தான் கேக்கச் சொல்றா."

தூரத்தில் திலகவதி கையை ஆட்டினாள். டீமே கல்பனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. தணிகைவேல் மட்டும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்த்தார்.

கல்பனா விசிலைக் கழற்றி பச்சையம்மாவின் கையில் கொடுத்தாள். செருப்பை உதறினாள். இருபது அடி தள்ளிப் போய் நின்றாள். முட்டியை ஒரு முறை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"வா," என்றாள்.

கவிப்பிரியா வந்தாள், பாதி வேகத்தில் இல்லை, முழு வேகத்தில். இடது கை நீண்டது. கல்பனா குனிந்து அதன் அடியில் புகுந்தாள். கன்னம் இடுப்பில் பட்டது, இரண்டு கையும் பூட்டிக்கொண்டன, கால்கள் தரையைத் தள்ளின. பூமி புரண்டது. இரண்டு பேரும் சேற்றில் விழுந்து சறுக்கிக்கொண்டே போய் ஒரு பள்ளத்துத் தண்ணீரில் நின்றார்கள். பச்சையம்மா விசிலை வாயில் வைத்து மூச்சு போகிறவரை ஊதினாள்.

"இன்னொரு வாட்டி," என்றாள் கவிப்பிரியா, வாயிலிருந்த மண்ணைத் துப்பிவிட்டு.

ஒன்பது வாட்டி ஆனது. மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கல்பனா இரண்டு முழங்கையிலும் பிளாஸ்திரியோடு போனாள். "இன்னா ஆச்சு, வண்டியில உழுந்தியா?" என்று செக்யூரிட்டியிலிருந்து சூப்பர்வைசர் வரை கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று நிதானமாக முழுக் கதையையும் சொன்னாள். முதல் வார்ப்பைக் கையில் எடுப்பதற்குள் மணி பத்தாகிவிட்டது.